கட்டத்துக்குள் அடங்காத காந்தாரம்

சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில், ஒரு படுக்கையறையைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கியிருப்பது இப்போது சர்வசாதாரணம். சுவரோரம் மெத்தை சாய்த்திருக்கும், ஜன்னலில் கனத்த திரை தொங்கும், மேஜையில் ஒரு கணினியும் இரண்டு ஸ்பீக்கர்களும் இருக்கும். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்து வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தபோது வீட்டோடு ஸ்டூடியோ என்பதே புதுமை. இன்று லேப்டாப்பும் நல்ல ஹெட்போனும் இருந்தால் போதும், குரல் எடிட்டிங் தொழில் தொடங்கிவிடலாம். பாடகர் தன் வீட்டில் பாடி அனுப்பிய கோப்புகள் இந்த அறைகளுக்கு வருகின்றன. சீராகி இசையமைப்பாளருக்குத் திரும்புகின்றன. இதை மென்பொருள் தெரிந்தவரின் வேலை என்றே வெளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த அறைகளில் உட்கார்ந்து பார்த்ததில், இது பாட்டு தெரிந்தவரின் வேலை என்றே எனக்குப் படுகிறது. மென்பொருளைச் சில வாரங்களில் பழகிவிடலாம். எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்பதற்குத்தான் வருடக்கணக்கில் காது பழக வேண்டியிருக்கிறது.

வேலை தொடங்குவது டேக் பொறுக்குவதில். ஒரே வரியைப் பாடகர் நான்கைந்து முறை பாடியிருப்பார். ஒன்றில் தொடக்கம் நன்றாக இருக்கும், இன்னொன்றில் முடிப்பு. ஒட்டும்போது மூச்சு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு டேக்கின் மூச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நெருடும். அடுத்து மின்விசிறி, ஏ.சி. இரைச்சல். பாடாத ஓரிரு நொடிகளை எடுத்துக் காட்டினால், அந்த இரைச்சலின் சாயலைக் கணினி பாட்டு முழுவதிலும் தேடிக் குறைக்கும். அதிகமாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். 'ச', 'ஸ' ஒலிகள் பெரும்பாலும் 5000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் சீறும். அங்கே மட்டும் அழுத்த வேண்டும். மூச்சொலியை முழுக்க வெட்டுபவர்கள் புதியவர்கள். அனுபவசாலி சில டெசிபெல் இறக்கி விட்டுவிடுகிறார். கம்ப்ரஸர் போட்டதும் மெல்லிய ஒலிகளெல்லாம் மேலே வரும், மூச்சும் கூடவே வரும் என்று அவருக்குத் தெரியும். உச்சரிப்புக்கோ எந்த ப்ளக்-இன்னும் கிடையாது. "அக்கா, எல்லாம் ஓகே. அந்த 'வாழ்வே'ல ழகரம் மட்டும் சரியா விழல. ஒரு தடவை பாடி அனுப்பிடுங்களேன்" என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போவதுதான் அதற்கு வழி.

சுருதித் திருத்தத்தில்தான் என் வாதத்துக்கான சான்று இருக்கிறது. எண்ணெய் வளம் தேடும் நில அதிர்வு ஆய்வுகளில் வேலை பார்த்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அங்கே பழகிய கணிதத்தைக் கொண்டு 1997-இல் ஆட்டோ-ட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளைக் கொண்டுவந்தார். நம் எடிட்டர்கள் அதிகம் புழங்குவது ஜெர்மனியின் மெலோடைன். பாடிய ஒவ்வொரு ஸ்வரத்தையும் திரையில் ஒரு பருத்த துண்டாகவும், அதன் ஊடே ஓடும் கோடாகவும் அது காட்டும். பின்னணியில் இருக்கும் கட்டம், யாரும் மாற்றாதவரை, பியானோவின் பன்னிரண்டு சமப் பங்குகள். இங்கேதான் சிக்கல். நன்றாகச் சேர்த்த தம்புராவில் அந்தர காந்தாரம் தானாகவே ஒலிக்கும். அது பியானோவின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்ந்தது. அரை ஸ்வரத்தை நூறாகப் பகுத்தால் ஒரு பங்குதான் சென்ட். தம்புராவோடு இழைந்து பாடியவரின் காந்தாரத்தைக் கட்டத்தோடு ஒப்பிட்டு, 'இறங்கியிருக்கிறது' என்று திரை காட்டும். தோடியில் நிலைமை இன்னும் மோசம். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை; ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடுவதுதான் அதன் உயிர். மென்பொருள் அந்த அசைவின் சராசரியைக் கணக்கிட்டு, அருகிலிருக்கும் கட்டத்துக்கு அசைவு முழுவதையும் நகர்த்தும். அசைவையும் குறைத்துவிட்டால், கமகம் எனப்படும் அந்த ஊசலாட்டம் நேர்கோடாகும். ஆட்டோ-ட்யூனில் திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தாலோ அது படிக்கட்டாக உடையும். நான் பார்த்தவற்றில் நல்ல திருத்தம் ஒன்று இப்படி நடந்தது: நீளமாக நின்ற பஞ்சமத்தில் வால் பகுதி மட்டும் தொய்ந்திருந்தது, எடிட்டர் துண்டை அந்த இடத்தில் வெட்டி, வாலை மட்டும் ஏற்றினார். அதற்கு முந்தைய காந்தார அசைவு திரையில் கட்டத்துக்கு வெளியே கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சமப் பங்கு அல்லாத சுருதி அமைப்புகளையும் இந்த மென்பொருள்களில் வைத்துக்கொள்ள முடியுமே என்று கேட்கலாம். முடியும்தான். அதில் 14 சென்ட் சிக்கல் தீரும், தோடி தீராது. எந்த அமைப்பும் ஸ்வரம் நிற்க வேண்டிய இடத்தைத்தான் சொல்லும்; கமகமோ ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழி. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சரிசெய்யும் புதிய கருவிகளுக்கும் இதே பதில். அவை இரைச்சலை நீக்குவதில் கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் பாடகர் வேண்டுமென்றே தாழ்த்திப் பிடித்த ஸ்வரத்துக்கும் மூச்சு போதாமல் தாழ்ந்துபோன ஸ்வரத்துக்கும் அளவில் வித்தியாசம் இருக்காது. பாட்டின் போக்கு தெரிந்தவரால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

இது ஏமாற்று வேலை, பாடத் தெரியாதவரைப் பாடகராக்குகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். சுருதியே இல்லாத குரல்களும் இந்த அறைகளைக் கடந்துதான் வெளியே வருகின்றன. ஆனால் அப்படி வரும் குரல் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. பாவத்தையும் காலப்பிரமாணத்தையும் கடன் கொடுக்க மென்பொருளிடம் சரக்கு இல்லை. அந்தக் காலத்தில் இதெல்லாம் இல்லாமலே பாடவில்லையா என்று கேட்பவர்கள், அந்தக் காலத்துச் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாத்தியக்காரர்கள் சூழ்ந்திருக்க, ஒத்திகை முடித்து, ஒரே மூச்சில் பாடிய பாட்டு அது. இன்று பாடகர் தனியாக நின்று, அரைகுறை டிராக்கைக் கேட்டுக்கொண்டு, கிளிக் சத்தத்துக்குப் பாடுகிறார். ஹெட்போனில் ஒலி கூடினால் நல்ல பாடகருக்கே சுருதி கொஞ்சம் விலகும். வாய்க்கு அருகில் வைத்த மைக் எச்சில் சத்தத்தைக்கூட விடுவதில்லை. பதிவு முறை மாறியதால் முளைத்த வேலை இது. பாடகரின் சோம்பல் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

என் வருத்தம் வேறு. கூலி பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. நேரத்துக்கு விலை இல்லை. பொறுமையாகக் கேட்டு வாலை மட்டும் ஏற்றுபவருக்கும், மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துக் கட்டத்தில் தள்ளுபவருக்கும் ஒரே தொகை என்றால், இரண்டாமவர் அதே பொழுதில் இன்னும் மூன்று பாட்டு முடித்துவிடுவார். சில பாடல்களின் விவரக் குறிப்பில் மெலோடைன் என்று போட்டு ஒரு பெயர் வரத் தொடங்கியிருப்பது நல்ல விஷயம். அதோடு, மெட்டமைத்தபோது தான் முனகிப் பதிந்த குரலையும் இசையமைப்பாளர் சேர்த்து அனுப்பினால் எடிட்டருக்குப் பாதி வேலை குறையும். நான் கேட்டவரை பலரும் அனுப்புவதில்லை. ராகத்தின் பெயரைச் சொல்பவர்களே குறைவு. அசைவு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை எடிட்டர் தன் காதை நம்பித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கும் சேர்த்துத்தான் தொகை பேச வேண்டும்.