உப்புக்கு எதற்கு பிளாஸ்டிக் சட்டை?

கெட்டே போகாத பொருள் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம் - உப்பு. மீனையும் மாங்காயையும் கெடாமல் காப்பாற்றுவதே அதுதான். அப்படிப்பட்ட உப்புக்கு, பிஸ்கட்டுக்குப் போடுவது போல ஒரு பளபளா கவர் எதற்கு?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தில் கொஞ்சம் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி தானாக வரும். கோடையில் சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்திருப்பார்கள். மழை நெருங்கினால் அதன் மேல் ஓலை வேய்வார்கள் (இப்போது தார்ப்பாயும் வந்துவிட்டது). ஒரு மலை உப்புக்கு ஒரே ஒரு ஓலைக்கூரை! பேக்கேஜிங் செலவைக் குறைப்பது பற்றி வகுப்பெடுப்பவர்கள் முதல் உதாரணமாக இதைச் சொல்லலாம்.

ஒரு காலத்தில் இந்த உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறித்தான் போனது. கால்வாயின் தெற்கு முனையே மரக்காணம்தான். ஊருக்குள் உப்பு வண்டி வரும். படியால் அளந்து போடுவார்கள், வீட்டுக்காரம்மா பாத்திரத்தில் வாங்கி ஜாடியில் கொட்டிக்கொள்வார். குப்பை? பூஜ்யம்.

"அப்போ பழையபடி சாக்கிலேயே விற்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

அயோடின் குறைபாட்டால் கழுத்துக் கழலை மட்டும் வருவதில்லை. கர்ப்பிணிக்கு அயோடின் போதாவிட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். இந்தியா 1962-லேயே கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்ற தடை நடுவில் 2000-ல் விலக்கப்பட்டு, மறுபடி 2006 மே 17 முதல் நாடு முழுக்க வந்தது. கடையில் இருக்கும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும்.

உப்பு கெடாது. ஆனால் அதில் சேர்த்த அயோடின் ஓடிப்போகும்! காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். சுத்திகரிக்காத கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே வேர்த்துவிடும். அடைமழை மாதங்களில் கடற்கரை ஊர்களில் ஜாடி உப்பு தண்ணி விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சணல் சாக்கில் இருந்தால் அந்தத் தண்ணீர் கசியும்போது அயோடினும் கூடவே போய்விடும். 1990களில் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பல நாட்டு உப்புகளைச் சோதித்தபோது, ஈரமான சூழலில் நெய்த பிளாஸ்டிக் சாக்கிலேயே பெரும்பங்கு அயோடின் காணாமல் போனது. ஓட்டையில்லாத பாலித்தீன் உறையில் இருந்ததில் இழப்பு வெகுவாகக் குறைந்தது.

ஆக, அந்தச் சட்டை உப்புக்கு இல்லை, அயோடினுக்கு. பிளாஸ்டிக் என்றாலே திட்டுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் அட்டை உருளையில் விற்கிறார்களே என்றால், அது நன்றாக உலர்த்தி, கட்டி பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்த தூள் உப்பு. கல்லுப்பை அதில் போட்டு வைத்தால் ஐப்பசி தாண்டுவதற்குள் அட்டை ஊறிப்போகும்.

சரி, பிளாஸ்டிக் வேண்டும். ஆனால் எந்த பிளாஸ்டிக்? அயோடினைக் காப்பாற்ற சாதாரண பாலித்தீன் உறையே போதும். அது ஒரே ஜாதி பிளாஸ்டிக், உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கடையில் மின்னுகிற பல பாக்கெட்டுகளில் வெளியே பாலியஸ்டர், உள்ளே பாலித்தீன் என்று இரண்டு படலத்தை ஒட்டியிருப்பார்கள். அச்சு பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். ஒட்டிய இரண்டையும் பிரிக்க முடியாததால் பழைய பொருள் வாங்குபவர்கள் தொடமாட்டார்கள். அயோடினுக்கும் அந்தப் பளபளப்புக்கும் பெரிய சம்பந்தமில்லை, விளம்பரத்துக்குத்தான் சம்பந்தம்.

பேக்கேஜிங் குப்பைக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதிமுறை கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ஒரு படல உறையும், வெவ்வேறு பிளாஸ்டிக்கை ஒட்டிய பல படல உறையும் ஒரே இரண்டாம் வகையில் இருக்கின்றன. இலக்கும் ஒன்றே. அப்புறம் எந்தக் கம்பெனி கவர்ச்சியை விட்டுக்கொடுத்து எளிய உறைக்கு மாறும்? காமர்ஸ் மாணவர் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள்.

அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ பாக்கெட் ஐந்துக்குப் பதிலாக அதே வடிவத்தில் ஐந்து கிலோ பை ஒன்று போட்டால், பரப்பளவு ஐந்து மடங்காகாது, சுமார் 2.9 மடங்குதான் ஆகும். பையைக் கொஞ்சம் தடிமனாக்கினாலும் பிளாஸ்டிக் மிச்சம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான்கு பேர் வீட்டுக்கு வருஷம் 7 கிலோ சொச்சம். ஐந்து கிலோ பை எட்டு மாதம் வரும். பிரித்தபின் மூடி இறுக்கமான ஜாடி மட்டும் வேண்டும், அது ஏற்கனவே எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

இதைத் தொடங்க ஆள் தேடி அலையவும் வேண்டாம். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம் வாலிநோக்கத்தில் உப்பெடுத்து, ரேஷன் கடைகள் மூலமும் விற்கிறது. மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்த அரசு, அந்தப் பைக்குள் போகும் தன் சொந்த உப்பின் உறையிலிருந்தே ஆரம்பிக்கலாமே?

அவசரமும் உண்டு. 2018-ல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தியக் கடலுப்பு பிராண்டுகளைச் சோதித்து, அவற்றில் நுண்பிளாஸ்டிக் இருப்பதைக் கண்டார்கள். வீசியெறிந்த உறை கடலுக்குப் போய், நைந்து, பாத்திக்குள் வந்து, உப்போடு வாரப்படுகிறது. எளிய மணல் வடிகட்டி வைத்தாலே எடையில் 85 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிடலாம் என்றும் அவர்களே சொன்னார்கள். மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில்தான் கழுவேலி இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வடிகட்டி வைத்தால் உப்புக்கு ஆச்சு... அங்கே மீன் தேடி இறங்கும் நாரைக்கு யார் வடிகட்டித் தருவது?