சூடாத பூவுக்கு ஒரு குடம் தண்ணீரா?

தலையில் வைக்க முடியாது. மணம் கிடையாது. சரம் தொடுக்கவும் ஆகாது. அப்படிப்பட்ட பூவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்ற கேள்வி, தண்ணீர் தாராளமாக உள்ள ஊரில் எழாது. விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் எழும். ஒரு வீட்டில் எழுந்தது.

அந்த வீட்டு மருமகள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வேலை பார்க்கிறார். ஆடிப்பெருக்குக்குப் புது வருட ஆல்பம் வெளிவந்தால், மார்கழி முடியும்வரை மூச்சுவிட நேரமிருக்காது. கையில் புரளும் படங்களில் ஊட்டி தாவரவியல் பூங்காவும் ஒன்று. புல்வெளி நடுவே ரத்தச் சிவப்பாக ஒரு பாத்தி. அது சால்வியா என்பது, ஒரு மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்கே போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு செடி வாங்கி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். பத்தே நாளில் இரண்டும் சுருண்டுவிட்டன. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக உறுத்தியது.

குற்றம் கையில் இல்லை, மாதத்தில். 1848-ல் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய அந்தப் பூங்கா 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே மே மாதம் பூக்காலம். இங்கே அக்னி நட்சத்திரம். சிவப்பு சால்வியாவின் பூர்வீகம் பிரேசில் நாட்டு மலைப்பகுதி. நம் சமவெளியில் அது பனிக்காலப் பூ மட்டுமே. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை மாதம் வாசலே சிவக்கும்.

இது தெரிந்தபின் அடுத்த வருடம் பாக்கெட் விதை வாங்கி நாற்று விட்டு, வாசல் ஓரத்துத் தரையில் நட்டார். கார்த்திகை மழை வந்தது. பருத்தியை வாழவைக்கும் கரிசல் மண், மழையில் களியாகி நாலு நாள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் விரல் நுழையும் அளவு வெடிக்கும். சால்வியா வேருக்கு ஈரம் வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. செடிகள் வேரழுகிச் சாய்ந்தன.

“எதுக்கும்மா இந்தப் பாடு? அந்தத் தண்ணிய மல்லிக்கு ஊத்துனா சாமிக்காச்சும் ஆகும்ல” என்றார் மாமியார். நியாயமான பேச்சுதான். ஏனென்றால், காலையில் மருமகள் பஸ் ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் அவர்.

மூன்றாவது முறை தொட்டிகள். அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளிகளும் சேர்த்துப் பத்து. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. எட்டு முதல் பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி போதும். நெருக்கினால் காற்றோட்டம் இல்லாமல் இலை அழுகும். விதையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். மேலே தூவி லேசாக அழுத்திவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். நாற்றுத் தட்டு மழை படாத தாழ்வாரத்தில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் நாற்றழுகல் ஒரே ராத்திரியில் தட்டைக் காலி செய்துவிடும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். மனசு வராது. ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக நின்று ஒரே கதிரோடு முடிந்துவிடும்.

தரையில்தான் வேண்டுமென்றால், செங்கல் அடுக்கி அரை அடி உயர்த்திய பாத்தியில், செடிக்குச் செடி ஓரடி விட்டு நடலாம். அதற்கு நீல சால்வியா பொருத்தம். டெக்சாஸ், மெக்ஸிகோ பக்கத்துச் செடி, சிவப்பைவிட வெயில் தாங்கும்.

தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருந்தது. போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை ஓரம் கருகியது. மாமியார்தான் அரிசி களைந்த தண்ணீரை எடுத்து ஊற்றத் தொடங்கினார். தொட்டிக்கு ஒரு செம்பு. பத்துத் தொட்டிக்கும் சேர்த்து ஒரு குடம்கூட முழுசாக ஆகவில்லை.

அவர் மனம் மாறியது தண்ணீர்க் கணக்கால் அல்ல. ஒருநாள் காய்ந்த கதிரைக் கிள்ளும்போது விரலில் தண்டு உருண்டது. உருளவில்லை என்பதே சரி. அது சதுரத் தண்டு. உதிர்ந்த பூவைத் திருப்பிப் பார்த்தார், உதடு வைத்த குழல். சின்ன வயதில் காட்டில் பறித்து உறிஞ்சிய தும்பைப் பூ மாதிரியே. உறிஞ்சியும் பார்த்துவிட்டார். இனித்தது.

“ஏம்மா, இது தும்பைச் சாதியா?” என்று அன்று ராத்திரி கேட்டார். ஆமாம். துளசி, தும்பை, ஓமவல்லி, புதினா எல்லாம் ஒரே குடும்பம். ஜூஸில் போடும் சியா விதைகூட ஒரு சால்வியாதான். சப்ஜா வேறு, அது திருநீற்றுப்பச்சிலையின் வகை.

தை பிறந்ததும் தேன்சிட்டு வர ஆரம்பித்தது. பிரேசில் பக்கம் இந்தப் பூவுக்கு ஓசனிச்சிட்டு விருந்தாளி. அந்தப் பறவை இந்தியாவில் கிடையாது, இங்கே தேன்சிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பூ உதிர்ந்தாலும் கதிர் சிவப்பாகவே நிற்கும், அடியில் இருக்கும் புல்லி வட்டமும் சிவப்பு என்பதால். தெருப் பிள்ளைகள் அதற்குப் புஸ்வாணம் என்று பேர் வைத்தார்கள். பட்டாசு ஊர்ப் பிள்ளைகள் வேறென்ன வைக்கும்!

பங்குனி வெயிலில் சிவப்பு தளர்ந்துவிடும். அதைக் காப்பாற்ற நிழல்வலை, கூடுதல் தண்ணீர் என்று மல்லுக்கட்டத் தேவையில்லை. காய்ந்த கதிரில், ஒவ்வொரு புல்லியின் அடியிலும் நாலு விதை வரை இருக்கும். தொட்டால் உதிரும், அதனால் முன்கூட்டியே காகிதப் பையால் மூடிக் கட்ட வேண்டும். கலப்பின விதையாக இருந்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வருமென்ற உறுதி இல்லை.

அந்த விதைகள் இப்போது பழைய மாத்திரை டப்பா ஒன்றில், சாமி அலமாரியில் இருக்கின்றன. வைத்தவர் மாமியார்.

“தீபாவளிக்கு முன்னால போடணுமா, கழிச்சா?”

“முன்னாலயே போட்டுருவோம் அத்தை. தாழ்வாரத்துல.”

“அப்ப இந்தத் தடவ மல்லித் தொட்டிய அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கலாம்.”