வடகரைக்கு வடக்கே, அதே மலை

நம்ம தென்காசி மாவட்டத்து வடகரையிலிருந்து வடக்கே போனா, சிவகிரி வரைக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான்.
அந்த அடிவாரத்துல பளியர்ங்கற பழங்குடி மக்கள் இருக்காங்க.

1962. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு மாணவர் பீட்டர் கார்ட்னர், பளியரைத் தேடித் தமிழ்நாட்டு மலைகளுக்கு வந்தார். 1964 வரைக்கும் ஆய்வு.

அவர் பார்த்த பளியர், காட்டுவள்ளிக் கிழங்கு தோண்டிச் சாப்பிட்டவங்க. தேன் எடுத்தவங்க. மேல கீழன்னு யாரும் இல்ல. ஆணும் பெண்ணும் சமம்.
வாய்த்தகராறு முத்துனா திருப்பி அடிக்க மாட்டாங்க.
ஒருத்தர் எழுந்து நடந்துடுவார். அவ்வளவுதான்.

கோழைத்தனமா? இல்லவே இல்ல. கை ஓங்காம விலகிப் போறதுக்கு எவ்வளவு திடம் வேணும்!

2000-இல் கார்ட்னர் பளியர் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

கடல் தாண்டி ஒரு மாணவர் வந்து படிச்ச மனுஷங்க இவங்க.
நம்ம தென்காசிப் பிள்ளைகள்ல எத்தனை பேருக்கு இவங்களத் தெரியும்?