எம்டனுக்குக் கைப்பிடி

'ஆள் பெரிய எம்டன்ப்பா!' என்று இன்றைக்கும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுக் கம்பி நீட்டிய ஜெர்மன் கப்பல்தான் எம்டன். அதை அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், தெரியுமோ? ரெவெல் என்கிற கம்பெனி. பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டியது நம் பாடு. நிஜக் கப்பல் 118 மீட்டர். 350-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 34 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம்.

'குடத்துத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கிற நாகல் நகரில் கப்பலா?' என்று கேட்காதீர்கள். என் சகதர்மிணி ஏற்கெனவே கேட்டாயிற்று.

கப்பல் சுமார் நாலாயிரம் ரூபாய். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மேல்தளத்து ஓரக் கைப்பிடிக் கம்பி, நிஜத்தில் இடுப்பு உயரம். சுருங்கினால் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. கம்பியின் கனம் தலைமுடி மாதிரி. அவ்வளவு மெல்லிசாகப் பிளாஸ்டிக்கை வார்க்க முடியாது. ஆகவே, மெல்லிய பித்தளைத் தகட்டில் படத்தைப் பதித்து, வேண்டாத இடத்தை அமிலத்தால் அரிக்கவிட்டு, கம்பியும் ஏணியும் செய்து தனியாக விற்கிறார்கள்.

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? விலை விசாரித்துக் கணக்கு எழுதினேன். பித்தளைத் தகடு மூவாயிரம். பத்து பீரங்கிக்கும் பித்தளைக் குழல் ஆயிரத்து இருநூறு. நிஜ மரத்தில் தளம் இரண்டாயிரத்து ஐநூறு. பார்சல், சுங்கவரி தனி. கப்பலைவிட நகைநட்டு அதிகம்! நிஜ எம்டன் 1914 நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில், 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது. என் எம்டன் கைப்பிடிக் கம்பியிலேயே தரைதட்டியது. தகடு மட்டும் வாங்கினேன்.

வந்ததை எதிர்வீட்டுப் பூட்டு ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். நாற்பது வருஷமாகப் பித்தளையோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"எத்தனை கிலோ தம்பி?"

"பத்து கிராம் இருக்கும்ணே. மூவாயிரம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அமிலம் அரிச்சது சரி. வரைஞ்சவன் கை நல்ல கை. கொடுக்கலாம்" என்றார். பிறகு, தன் மேஜையில் கிடந்த ஏழு லீவர் பூட்டைக் காட்டினார். "இதுக்குள்ள ஒவ்வொரு லீவரையும் அரத்தால ராவணும். மயிரிழை பிசகினா சாவி திரும்பாது. உங்க கம்பி வெளியே தெரியுது, காசு குடுக்குறீங்க. என் வேலை உள்ளே இருக்கு. எவன் பார்க்கிறான்? அலிகர் பூட்டு இதைவிடச் சல்லிசுன்னு அதைத்தான் பேரம் பேசுறாங்க. 2019-ல புவிசார் குறியீடு வந்துச்சு. கூலிதான் அப்பிடியே இருக்கு."

எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

ஒரு மாதம் கண்ணைச் சுருக்கிக் கம்பி ஒட்டி முடித்தேன். கப்பல் அலமாரியில் ஏறியது.

"இவ்வளவு செலவு பண்ணியாச்சு. பிள்ளைங்க கை வைக்காம நல்ல பூட்டாப் போடுங்க" என்றாள் சகதர்மிணி.

எதிர்வீட்டுக்கே போனோம். கத்தரிக்காய்க்குக்கூட நாலணா குறைக்கச் சொல்கிறவள், அண்ணன் சொன்ன விலையை அப்படியே எண்ணி வைத்தாள்.