மங்கு ஓட்டு மயில்

சென்ற ஞாயிற்றுக்கிழமை செலாயாங்கில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே 'பேப்பர் லாமா' லாரி வந்து நின்றது. அதன் ஒலிபெருக்கி கூவக் கேட்டதும், வீட்டில் அடைந்து கிடந்த தகரத்தையும் பழைய தாளையும் ஒரு சாக்கில் திணித்துக்கொண்டு இறங்கினோம். நம் பேத்தி பின்னாலேயே ஓடிவந்து சாக்கைப் பற்றிக்கொண்டாள். பால் டின் நான்கும், பழுதுபட்ட மின்விசிறியின் கம்பி மூடியும் தனக்கு வேண்டுமாம். "குப்பையைக் கட்டிக்கொண்டு அழாதே" என்று அதட்டினோம். "குப்பை இல்லை தாத்தா, மயில்" என்றாள்.

அச்சொல் நம்மைச் சுட்டது. ஏன் சுட்டதெனில், அது ஒரு பழைய கதை.

நாம் பிறந்தது ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில். பால்மரத்தில் கட்டும் மங்கை இக்காலப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டிரார். கண்டவரும் பிளாஸ்டிக் மங்கையே கண்டிருப்பர். ஆதியில் தேங்காய்ச் சிரட்டை கட்டினர். பின்னர்ச் சுட்ட மண் மங்கு வந்தது. சீனக் குயவர்கள் பாம்புபோல் நீண்டு கிடக்கும் 'டிராகன் சூளை'களில் அவற்றைச் சுட்டுக் குவித்தனர். சிங்கப்பூர் ஜாலான் பாஹாரில் 1940-ஆம் ஆண்டு எழுந்த தோ குவாங் சூளை அத்தகையதே. அங்கும் ரப்பர்ப்பால் மங்குகள் சுடப்பட்டன.

மங்கு உடைந்தால் அதனை யார் பொருட்படுத்துவர்? வடிகாலில் எறிவர். நம் அன்னையாரோ அவ்வோடுகளைப் பொறுக்கி வாளியின் அடியில் போட்டு வருவார். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, காண்டாக் கட்டையில் வாளி சுமந்து, ஒட்டுப்பால் நாற்றம் மாறாத கையோடு வீடு திரும்பும் ஒரு பெண்பிள்ளைக்கு இஃதென்ன வேலை என்று அண்டை வீட்டார் நகைத்தனர். லயம் பழுதுபார்க்க வந்தவர்களிடம் மிஞ்சிய சிமெண்டைக் கேட்டு வாங்கினார். வாயிற்றிண்ணையில் அதனைப் பூசி, ஈரம் காயுமுன் ஓடுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்று ஞாயிறு சென்றன. ஒரு மயில் தோகை விரித்து நின்றது! மங்கு ஓடு பழுப்பு நிறம். ஆகவே மயிலும் பழுப்பு. கழுத்துக்கு மட்டும் மக்னீசியா மருந்துச் சீசாவின் நீலக் கண்ணாடியைத் தேடிப் பதித்திருந்தார். மாலை வெயிலில் அக்கழுத்து எரியும்.

நமக்கோ வெட்கமாக இருந்தது. பட்டணத்துப் பள்ளித் தோழன் ஒருவன் வந்து, "தரைக்கு ஓடு வாங்கக் காசில்லையா?" என்று கேட்டுச் சென்றான். அவ்வளவுதான். நாம் வேலைக்குப் போய் வாங்கிய முதற் சம்பளத்தில் ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி, அம்மயிலின்மேல் நாமே பூசி வழவழவென்று இழைத்தோம். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. பூசிய திண்ணையில் அவர் உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை, வாயிற்படியிலேயே உட்காருவார். பின்னர்த் தோட்டம் விலைப்பட்டது. லயத்தை இயந்திரம் இடித்தது. நாம் செலாயாங் வந்தோம்.

நிற்க. அன்னையார் காலமான பின்னர், வட இந்தியாவிற் சண்டிகர் சென்று நேக் சந்த் என்பார் அமைத்த பாறைத் தோட்டத்தைக் கண்டோம். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். அரசாங்கப் பொதுப்பணித் துறையிற் சாலை மேற்பார்வையாளர். புதிய தலைநகர் எழுப்புவதற்காகச் சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அவ்விடிபாடுகளில் கிடந்த உடைந்த வளையலையும் பீங்கானையும் ஓட்டையும் மிதிவண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டு சேர்த்தார். 1957 முதல் ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஒருவரும் அறியாமல் வேலை நடந்தது. நிலமோ அரசாங்கத்தினுடையது, கட்டடம் எழக்கூடாத இடம். செய்தி வெளியான போது சட்டப்படி அனைத்தையும் தகர்த்திருக்கலாம். தகர்க்கவில்லை. 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்தனர். அவருக்குச் சம்பளம் கொடுத்து உதவிக்கு ஆட்களையும் அமர்த்தினர். அவர் 2015-இல் மறைந்தார்.

வளையற் சில்லுகளாலான பெண்ணுருவங்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. பீங்கான் ஓடு பதித்த சுவரொன்றின்முன் நாம் நெடுநேரம் நின்றோம். உடன் வந்தவர்கள் படமெடுத்து வியந்தனர். நமக்கு வாய் எழவில்லை. அரசாங்கம் ஒரு சாலை மேற்பார்வையாளரின் களவு வேலையைக் கண்டு கையை நிறுத்திக்கொண்டது; பெற்ற மகன் நிறுத்திக்கொள்ளவில்லை. இதில் ஏழ்மையைப் பழி சொல்லித் தப்ப வழியில்லை. சிமெண்டு வாங்கக் காசிருந்தது அன்னையாருக்கன்று, நமக்கு.

இக்காலத்தில் சீசா மூடியைப் பலகையில் ஒட்டி, விலைச்சீட்டுத் தொங்கவிட்டு, கலை என்கின்றனர். சில நன்றாகவே இருக்கின்றன. சில பலகையைக் கெடுத்தன. அஃது இருக்கட்டும்.

லாரிக்காரர் தராசை மடக்கினார். சாக்கோடு மாடிக்குத் திரும்பினோம். மூடியின் கம்பிகளே தோகையாம். டின்னின் விளிம்பு கையை அறுக்குமாதலால் வெட்டும் வேலை நம்முடையது. கழுத்துக்கு நீலம் வேண்டுமென்று பேத்தி அலமாரியிலிருக்கும் பிஸ்கட் டின்னைக் காட்டுகிறாள். அதில் அன்னையாரின் அடையாள அட்டையும் பழைய சம்பளச் சீட்டுகளும் இருக்கின்றன. அவற்றிற்கு வேறு பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.