பால்மரப் பட்டைக்குள் ஒரு புரத வலை



கெடா, கரங்கான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு விதி மனப்பாடம்: கத்தி பட்டையில் ஓட வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. பால் குழாய்கள் கட்டையை ஒட்டிய உட்பட்டையில்தான் நெருக்கமாக உள்ளன. ஆழமாக வெட்டினால் அன்றைக்கு மங்கு நிறையும். ஆனால் மரத்தில் காயம் விழுந்துவிடும். காயம் ஆறிய இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடியும் அங்கே கத்தி சீராக ஓடாது. ஆகவே, கடைசி ஒரு மில்லிமீட்டர் அளவுப் பட்டையை விட்டுவைப்பதே கைத்திறன்.

அந்தப் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் இருப்பது கேம்பியம். ஸ்டெம் செல் என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அந்தக் குருத்தணுக்கள் மரத்தில் வாழும் இடங்களுள் இதுவும் ஒன்று. இங்கே பிரியும் உயிரணுக்களில் உட்பக்கம் ஒதுங்குபவை கட்டையாகின்றன. வெளிப்பக்கம் ஒதுங்குபவை பட்டையாகின்றன. எஞ்சியவை குருத்தணுக்களாகவே நீடிக்கின்றன.

எல்லா உயிரணுக்களிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். அப்படியானால், 'நீ கட்டை, நீ பட்டை' என்று பிரித்து அனுப்பும் கங்காணி யார்? அப்படி ஒருவரும் இல்லை. புரதங்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் அந்த முடிவை எட்டுகின்றன. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜின்னியாச் செடியின் உயிரணுக்களிலிருந்து, 12 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு புரதத் துண்டைக் கண்டறிந்தனர். பட்டைப் பக்கத்திலிருந்து வரும் அது, குருத்தணு கட்டையாக மாறிவிடாமல் தடுக்கிறது. பிரிந்து பெருகவும் தூண்டுகிறது.

சில புரதங்கள் என்றால் மனக்கணக்கே போதும். பல சேர்ந்தால்? வகுப்பில் இதை ஒரு விளையாட்டாக விளக்கலாம். இரண்டு மாணவர்களுள் ஒருவர் நின்றால் மற்றவர் அமர வேண்டும். ஒருவர் அமர்ந்தால் மற்றவர் நிற்க வேண்டும். அவர்கள் நிலைத்திருக்கக்கூடிய நிலைகள் இரண்டே. நம் இரத்தத்தின் குருத்தணுவிலும் காட்டா-1, பியூ-1 என்னும் இரு புரதங்கள் இப்படித்தான் ஒன்றையொன்று அடக்குகின்றன. முன்னது ஓங்கினால் சிவப்பணுவின் பாதை. பின்னது ஓங்கினால் வெள்ளையணுக்களில் சிலவற்றின் பாதை.

இதையே கணினியில் செய்வதுதான் வலைப்பின்னல் மாதிரி. புரதம் இயங்கினால் 1, இயங்காவிட்டால் 0. பத்துப் புரதங்களுக்கு 1,024 நிலைகள். விதிகளின்படி ஓடவிட்டால் அவை ஒரு சில நிலைகளில் வந்து அடங்கும். அப்படி அடங்கும் ஒவ்வொரு நிலையும் ஓர் உயிரணு வகையைக் குறிக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஒரே வலைக்குப் பலவகை விதிகள் பொருந்திவிடும். சரியானதை எப்படித் தேர்வது? சென்னை, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் அரிஜித் சமல் குழுவினர் 2023இல் ஒரு வழியை வெளியிட்டனர். உயிரணு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எளிதாகச் செல்கிறது, எங்கே உறுதியாக நிற்கிறது என்பதை உரைகல்லாக்கி, பொருந்தாத விதிகளைக் கழித்தனர். அவர்கள் சோதித்துப் பார்த்தவற்றுள் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் வேர்க் குருத்தணுக்களும் அடங்கும்.

நம் பிள்ளைகள் பலர், அறிவியல் வெள்ளை அங்கி அணிந்தவர்களுக்கே உரியது என்றும், தோட்டத்து உழைப்பு அறிவில் சேராது என்றும் எண்ணி வளர்கின்றனர். கேம்பியம் என்ற சொல்லை அறியாமலே, இருட்டு விலகாத காலையில் நெற்றி விளக்கோடு அதைக் காப்பாற்றிய கைகள் நம்முடையவை. பெற்றோர்களே, வீட்டில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி இருந்தால், கத்தியை ஏன் அந்த ஆழத்தில் நிறுத்தினார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். குருத்தணுப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.