பனியும் முகமும்

வடதுருவத்தை அடுத்த குளிர்நாடுகளில் இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கும் முறையைக் கூறும் நூலொன்றை யான் வாசித்திருக்கக் கண்ட ஈப்போ நண்பர் ஒருவர், "உறைபனியைக் கண்ணால் கண்டறியாத பேராக்கில் இருந்துகொண்டு இதைப் படித்து என்ன செய்யப் போகிறீர்?" என்று நகைத்தார். அன்று யான் விடை கூறவில்லை. கூறப் புகுந்தால் என் அன்னையைப் பற்றிக் கூற நேரும்.

நமக்கும் ஒருவகைப் பனிக்காலம் உண்டென்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தோர் அறிவர். சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள நாட்களில் ரப்பர் மரங்கள் செம்மையும் மஞ்சளுமாக மாறி இலையுதிர்த்து நிற்கும். 1877-இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட காலமுதல் இம்மரம் தன் அமேசான் காட்டுப் பழக்கத்தை விட்டதில்லை. தெளிந்த இரவில் நிலம் குளிர, விடியலில் வெண்பனி நிரை நிரையாய் மரங்களுக்கிடையே படுத்திருக்கும். அப்பால் சுண்ணாம்புக் குன்றுகள் கால் இல்லாதன போல் மிதக்கும். படம் பிடிப்போனுக்கு இதனினும் நல்ல காலம் வேறில்லை. ஆனால் இலையுதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். அவனுக்குத் திருவிழாவாகிய அதே காட்சி, மரம் வெட்டுவோர்க்கு அரை வயிற்றுக் காலம்.

1978-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சுங்கை சிப்புட்டை அடுத்த எங்கள் தோட்டத்தில், அன்னை உளியும் வாளியுமாய் நிரையில் நின்ற கோலத்தைப் படம் பிடிக்க விரும்பினேன். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அவர் மறுத்தார். பகுத்தறிவுப் பேச்சுகள் கேட்டு ஊறியிருந்த யான் அரைமணி நேரம் வாதாடி வென்றேன். "எடுத்துத் தொலை" என்று தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். காமெராவிலிருந்த ஒளிமானியின் முள் சொன்னபடியே எடுத்தேன்.

படம் வந்தது. பனி சாம்பல் நிறமாகவும், அன்னை கரியுருவமாகவும் இருந்தார். பார்த்தோரெல்லாம் "என்ன அழகு!" என்று புகழ, யானும் மகிழ்ந்து சட்டமிட்டு மாட்டினேன். 1983-இல் அவர் மறைந்தபின், வேலைக் கோலத்தில் அவருக்குள்ள ஒரே படத்தில் முகம் இல்லை என்பது புலனாயிற்று.

காரணத்தைப் பல்லாண்டு கழித்து அக்குளிர்நாட்டு நூலே உரைத்தது. ஒளிமானி, தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொள்ளும். உறைபனியைக் காட்டினால் ஒளி மிகுதியென்று மயங்கிக் குறைத்துவிடும். ஆகவே ஒரு படியோ இரண்டு படியோ கூட்டுக என்கிறது நூல். நம் தோட்டத்து மூடுபனிக்கும் விதி அதுவே. அன்னையின் மூடநம்பிக்கையை வென்றதாக இறுமாந்த யான், ஒரு முள்ளின் சொல்லை ஆராயாது நம்பியிருந்தேன்!

வேறு குறிப்புகளும் அந்நூலில் உள. குளிரில் மின்கலம் விரைவில் சோர்வதால், மாற்றுக்கலத்தை உடலோடு ஒட்டிய பையில் வைக்க வேண்டுமாம். நமக்கு அது வேண்டுவதில்லை. குளிரிலிருந்து வெப்ப வீட்டிற்குள் நுழையுமுன் காமெராவைப் பையிலிட்டு இறுகக் கட்டுக என்பதோ நமக்கும் வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து ஈரக்காற்றில் இறங்கியவுடன் லென்சு வியர்ப்பதை யார் கண்டதில்லை?

எனக்குப் பெரிதாய்ப் பட்டது வேறொன்று. பனியின்முன் ஆள் நின்றால், அவர் முகத்தில் விழும் அதே ஒளியில் உன் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு படி கூட்டு என்பது படக்காரர்களின் பழைய வழி. உள்ளங்கை ஏன்? தோல் கறுத்தோர்க்கும் வெளுத்தோர்க்கும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே நிறம். வண்ணப் பிலிம் அச்சினைச் சரிபார்க்க வெள்ளைமாதின் படத்தையே நெடுங்காலம் அளவாக வைத்திருந்த உலகில், இச்சிறு சமத்துவம் எனக்கு உவப்பாயிருந்தது. இவ்வாறு எடுத்தால் பின்னணிப் பனி வெளுத்து விவரமிழக்கும். இழக்கட்டும்.

எங்கள் தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயங்களும் இல்லை. சென்ற பிப்ரவரியில் கோலகங்சார் அருகே ஒரு சிறு ரப்பர்த் துண்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழ் மாதொருவரிடம் அனுமதி கேட்டேன். யான் கையை நீட்டி அளப்பதைக் கண்டு, "கைரேகை பாக்கிறீங்களா, அண்ணே?" என்று சிரித்தார். அச்சிரிப்பின்போதே எடுத்தேன். காமெராவின் பின்புறத்தில் படத்தைக் காட்டினேன். குன்று முழுதும் வெளுத்து மறைந்திருந்தது. அவர் குனிந்து உற்று நோக்கி, "மூக்குத்திகூடத் தெரியுதே, அண்ணே" என்றார்.